வழும்பு போனால் மீன் போச்சு

விரால் வாங்கினால் சாம்பலும் கல்லுப்பும் போட்டு உரசிய பிறகுதான் காரைக்குடி அடுப்படியில் குழம்புப் பேச்சு. அப்படித் தேய்த்துக் கழுவி ஊற்றும் வழும்புதான் கண்மாயில் அந்த மீனைக் காப்பாற்றி வந்தது. நம் தோலின் மேற்பரப்பில் இருப்பவை இறந்த செல்கள். மீனுக்கோ உயிருள்ள செல்களே தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தத் தண்ணீரில் கிருமிக்குப் பஞ்சமில்லை. அதனால் தோலிலும் செவுளிலும் குடலிலும் ஊறும் வழும்பில் பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம், கிருமிகளைப் பிடித்து ஒட்டவைக்கும் லெக்டின் எனப் பல புரதங்கள் கலந்திருக்கின்றன. 2005இல் ட்ரவுட் மீனில் ஐஜிடி என்ற எதிர்ப்புரதம் தெரியவந்தது. ரத்தத்தில் பெரிதும் இயங்குவது ஐஜிஎம் என்ற இன்னொரு எதிர்ப்புரதம். குடலைக் காப்பதில் முன்நிற்பது ஐஜிடி என்று 2010இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு காட்டியது.

இதெல்லாம் நமக்கு எதற்கு? கண்மாய்க் குத்தகைதாரருக்குத்தான் முதலில் வேண்டும். நார்வேயில் சால்மன் பண்ணைகள் 1987இல் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக் கொட்டின. தடுப்பூசி வந்தபின் அது ஒரு டன்னுக்கு அருகே இறங்கியது. ஆனால் அங்கே ஒவ்வொரு மீனுக்கும் ஊசி. கட்லா, ரோகு குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் கண்மாயில் விடும் நம்மூரில் அது நடக்கிற காரியமா? குஞ்சுகளைத் தடுப்பு மருந்து கலந்த நீரில் முக்கியெடுப்பது, மருந்தைத் தீவனத்தில் கலப்பது என்ற இரண்டு வழிதான் மிச்சம். இரண்டுமே வழும்பின் படையை எழுப்பியாக வேண்டும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் விலங்கு நலம் மற்றும் மேலாண்மைத் துறை மீன், இறால்களின் எதிர்ப்புப் புரதங்களை ஆராய்ந்து வருகிறது. அந்த அறிவு ஆய்விதழ்களுக்குப் போகிற வேகத்தில் கண்மாய்க்கரைக்கு வருவதில்லை என்பது என் கணிப்பு.

மருந்துக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1988இல் இந்தியாவுக்குள் வந்த மீன் புண்நோயை நினைத்துப் பாருங்கள். பூஞ்சை போன்ற அந்த நோயின் கிருமி, வழும்பு போய்த் தோல் சிதைந்த இடத்தில் எளிதாக வேரூன்றும். மழைக்குப் பின் தண்ணீர் குளிரும் மாதங்களில் விராலும் கெண்டையும் புண்ணோடு மிதக்கும். முரட்டு வலையில் இழுப்பதும், டிரம்மில் திணித்து ஏற்றுவதும், காய்ந்த கையால் பிடிப்பதும் கிருமிக்கு நாமே திறந்துவிடும் வாசல்கள். முடிச்சில்லாத வலை, நனைந்த கை, ஏற்றும் தண்ணீரில் கொஞ்சம் உப்பு: செலவு சொற்பம். குஞ்சு நிறைய விட்டால் மீன் நிறைய என்ற கணக்கும் நெரிசலில் போய் முடிகிறது. நெரிசலில் உடம்பு உரசும், மிரட்சியில் எதிர்ப்பு குறையும். குத்தகைக் காலம் குறுகியது, போட்டதை எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பார்? ஏல நிபந்தனைகளில் தொகைக்குப் பக்கத்திலேயே, எத்தனை குஞ்சு விடலாம், எந்த வலை போடலாம் என்பதையும் எழுதட்டும்.