ஓஸுன்னா எல்லாம் ஓஸுதானுங்களா?

"எல்லாம் ஒண்ணுதானுங்ணா." இந்த வார்த்தையைக் கேட்டாலே இப்பெல்லாம் எனக்கு உடம்பு எரியுது. இதை எழுதாம விட்டா தூக்கம் வராதுன்னுதான் எழுதறேன்.

எங்க அக்கா மகன் பழைய கார் ஒண்ணு வாங்கினான். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. பர்கூர் மலைக்கு வாரம் ரெண்டு தடவை சாமான் ஏத்திட்டுப் போறவன். மலையேறினா கியர்பாக்ஸ் சூடாகுதுன்னு சொல்லி, முன்னாடி தனியா ஒரு ஆயில் கூலர் மாட்டினான். கூலர் நல்ல கூலர்தான். அதுக்குப் போற ரெண்டு ஓஸைத்தான் ஒர்க்‌ஷாப்புல இருந்த கருப்பு ரப்பர் சுருள்ல இருந்து வெட்டி மாட்டிட்டாங்க. ரேடியேட்டர் தண்ணிக்குப் போடற ஓஸ் அது. "இது ஆயிலுக்குத் தாங்குமா தம்பி?"ன்னு நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அதுக்கு வந்த பதில்தான் மேல இருக்கறது.

மூணே வாரம். தாமரைக்கரையில இருந்து பொழுது சாயற நேரத்துல எறங்கி வரும்போது ஓஸ் புட்டுக்கிச்சு. ரோடு பூரா செவப்பா எண்ணெய். யானை நடமாடற காடு, போனுக்கு சிக்னல் இல்லை, கூட எங்க அக்கா வேற. அந்தப் பக்கம் வந்த ஒரு பிக்கப் வண்டிக்காரர் கயிறு கட்டி வரட்டுப்பள்ளம் வரைக்கும் இழுத்துட்டு வந்தார். அவர் புண்ணியவான். ஆனா ஆட்டோமேட்டிக் வண்டியை, எஞ்சின் இழுக்கற சக்கரம் ரோட்டுல உருள இழுக்கக்கூடாதுன்னு எங்களுக்கு அப்பத் தெரியலை. எஞ்சின் ஓடாட்டி உள்ள இருக்கற பம்பு ஓடாது, எண்ணெய் சுத்தாது, கியரு காஞ்சு தேயும். ஓஸுல மிச்சம் புடிச்சது முந்நூறோ நானூறோ. கியர்பாக்ஸைப் பிரிச்சு மாட்டின காசுக்கு ஒரு கறவை மாடு புடிச்சிருக்கலாம்.

ஏனுங்க, நான் கேக்கறேன். கிணத்து மோட்டாருக்கு உறிஞ்சற பக்கம் யாராவது தட்டை ஓஸ் மாட்டுவாங்களா? சப்பிப்போய் தண்ணியே ஏறாது. அதுக்கு உள்ள சுருள் வெச்ச கெட்டி ஓஸ்தான் வேணும். மருந்தடிக்கற பவர் ஸ்பிரேயருக்குச் செடிக்குத் தண்ணி விடற ஓஸை மாட்டுவமா? முதல் அழுத்தத்துலயே வெடிச்சு மூஞ்சியில மருந்தடிக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கற கெழவனுக்குக் கூட நம்மூர்ல இது தெரியும். ஆனா அதே நாம காரைக் கொண்டுபோய் நிறுத்தினதும் "அவங்களுக்குத் தெரியாததா"ன்னு வாயை மூடிக்கறோம்.

விஷயம் இவ்வளவுதான். இந்த மாதிரி வண்டியில எஞ்சினோட சுத்தை கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோறதே எண்ணெய்தான். ஏத்தத்துல மெதுவா, பாரத்தோட போகும்போது அந்த எண்ணெய் உள்ளயே கலக்கி அடிபட்டு சூடாகுது. சாதாரணமாவே எண்பது, தொண்ணூறு டிகிரி இருக்கும், மலையில நூறைத் தாண்டும். (கிளட்ச் மிதி இல்லாத வண்டியெல்லாம் இப்படி இல்லை. ஏ.எம்.டி.ன்னு சொல்றது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை மெஷின் மிதிக்குது. அதுக்கு இந்தக் கூலர் வேலையே இல்லை. கூலர் விக்க வர்றவன் இதைச் சொல்லமாட்டான்.)

தண்ணி ஓஸ் பெரும்பாலும் ஈ.பி.டி.எம்.ங்கற ரப்பர். தண்ணிக்கும் சூட்டுக்கும் அருமையா தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊதிப் பொதபொதன்னு ஆயிடும். நான் சும்மா சொல்லலை. மிச்சம் கிடந்த துண்டை அதே செவப்பு எண்ணெயில ஒரு பாட்டில்ல போட்டு வெச்சேன். பத்து நாள்ல எடுத்தா, ஊறவெச்ச கொண்டைக்கடலை மாதிரி பருத்து, நகத்தால கிள்ளினா பிஞ்சு வருது.

இதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அப்ப சிலிக்கான் ஓஸ் போட்டுரலாங்ணா, நீலக் கலர்ல வருது, எவ்வளவு சூடும் தாங்கும்"ங்கறாங்க. சூடு தாங்கும், சரி. எண்ணெய்க்கு சாதா சிலிக்கான் ஆகாது, கசியும். பெட்ரோல் ஓஸ் எண்ணெய்க்குத் தாங்கும், ஆனா மணிக்கணக்கா இந்தச் சூட்டுக்குத் தாங்கும்னு அதுமேல அச்சடிச்சிருக்கா? இல்லைன்னா வேண்டாம்.

ஜே.சி.பி.க்கு ஓஸ் அடிக்கற கடைக்குப் போகலாம்னு இன்னொருத்தர் சொன்னார். அங்க ஆர்1னு ஒரு கம்பி வலை போட்ட ஓஸ், மூணு நூல் சைஸ்ல 180 பார் தாங்கும். கூலர் லைன்ல ஓடறதோ சும்மா சில பார். அழுத்தம் பிரச்சினையே இல்லை. சூடுதான். சாதாரண ஆர்1 ஓஸ் நூறு டிகிரிக்குத்தான் எழுதியிருக்கும். தார்ரோட்டுல பரவாயில்லை, பர்கூர் ஏத்தத்துக்கு விளிம்புல நிக்கற கதை.

இதுக்குன்னே செஞ்ச ஓஸ் இருக்குது. மேல எஸ்.ஏ.இ. ஜே1532ன்னு அச்சு இருக்கும், டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலர்னும் போட்டிருப்பாங்க. நம்மூர் கடையில கிடைக்காது, வரவழைக்கணும். கிடைக்காதுங்கறதுக்காக "ஒண்ணுதான்"னு சொல்றது என்ன நியாயம்? "எங்கிட்ட இல்லைங்ணா, நாலு நாள் பொறுங்க"ன்னு சொன்னா நான் என்ன அடிக்கவா போறேன்?

கிளாம்பையும் சொல்லிடறேன். கூலர் குழாய் நுனியில மேடு இருக்கணும், ஓஸ் அந்த மேட்டைத் தாண்டி ஏறி, அதுக்குப் பின்னாடி கிளாம்ப் உக்காரணும். எங்க வண்டியில ஒரு பக்கம் மேட்டு மேலயே முடுக்கி வெச்சிருந்தாங்க. ஓஸ் சைலன்சரைத் தொடக்கூடாது, தகட்டு விளிம்புல உரசக்கூடாது. சூடான சைலன்சர் மேல எண்ணெய் பீச்சினா கியர்பாக்ஸ் மட்டும் போறதில்லை, வண்டியே தீப்புடிக்கும்.

மெக்கானிக்கை மட்டும் திட்டிட்டு நான் தப்பிக்க முடியாது. மஞ்சளுக்கு ஈரம்னு சொல்லி வியாபாரி விலையைக் குறைச்சா ஊரே கூடிப் பேசறோம். அதே நாம ஒர்க்‌ஷாப்புல போய் "இன்னும் நூறு ரூபா குறைச்சுக்கப்பா"ன்னு நிக்கறோம். அந்த நூறு ரூபாயை அவர் எங்க குறைப்பார்? நம்ம கண்ணுக்குத் தெரியாத ஓஸுலதான் குறைப்பார். எங்க மாப்ளையும் அன்னைக்கு அப்படித்தான் நின்னான். நானும் கூட நின்னு தலையாட்டினேன், அதான் கோபம் இன்னும் அடங்கலை.

இப்ப புது ஓஸ் வந்து மாட்டியாச்சு. நானே கீழ படுத்து டார்ச் அடிச்சு எழுத்தைப் படிச்சுப் பார்த்தேன். "ஏனுங் மாமா, படுத்தது போதும், எந்திரிங்க"ன்னு மாப்ளை சிரிக்கறான். நாளைக்கு மலைக்குப் போறானாம். பாட்டில்ல ஊறின அந்தத் துண்டை வண்டி முன்கண்ணாடியில கட்டித் தொங்க விட்டிருக்கேன், அவன் அவுக்கலை.