விளக்கு போன தூணுக்கு ஒரு வக்காலத்து

2004-ல மதுரைக்கு ஹைகோர்ட் கிளை வர்றதுக்கு முன்னாடி, எங்க நாகர்கோவில் ஆளுகளுக்கு அப்பீல்னா மெட்ராஸ்தான். ராத்திரி பூரா பஸ்ல குலுங்கிட்டுப் போகணும். சித்தப்பாவோட சொத்து கேஸுக்குத் துணையா நானும் ஒருக்கா போயிருந்தேன். கேஸ் கூப்பிட நேரமாகும்னு வெளிய நின்னப்ப, வளாகத்துக்குள்ள ஒரு பெரிய கல்தூண் கண்ணுல பட்டது. பக்கத்துல நின்னவர்ட்ட என்னன்னு கேட்டேன். "பழைய தண்ணி டேங்கா இருக்கும் சார்"ன்னார். சித்தப்பா அண்ணாந்து பாத்துட்டு, "லேய், லைட் ஹவுஸ் மாதிரில்லா இருக்கு! முட்டத்துல பாத்ததில்லையா?"ன்னார்.

சித்தப்பா சொன்னதுதான் சரி. (கேஸ்ல தோத்துட்டோம், அது வேற கதை.)

மெட்ராஸோட முதல் விளக்கு 1796-ல புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ள ஒரு கட்டடத்து உச்சியில எரிஞ்சது. தேங்காய் எண்ணெய் விளக்கு! அப்புறம் இந்தத் தூண். கேப்டன் ஜே.டி. ஸ்மித்ங்கிற இன்ஜினியர் கட்டினது. 1838-ல வேலை ஆரம்பிச்சு, 1844 ஜனவரி 1-ல விளக்கு ஏத்துனாங்க. பல்லாவரத்துக் கல்லு, கிரேக்க பாணியில டோரிக் தூண், சுமார் 125 அடி உயரம். நம்ம குமரி திருவள்ளுவர் சிலை, பீடத்தோட சேத்து 133 அடி. எட்டடிதான் கம்மி, பாத்துக்கிடுங்க. அம்பது வருஷம் கப்பலுக்கு வழி காட்டிச்சு. பக்கத்துலயே ஹைகோர்ட் கட்டடம் இதைவிட உயரமா வந்துட்டதும், 1894-ல விளக்கு அந்தக் கோபுரத்து உச்சிக்குப் போயிருச்சு. 1977-ல அங்கிருந்தும் கிளம்பி மெரினாவுக்குப் போச்சு.

இதுல எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். கோட்டைக்குள்ள இருந்த கட்டடம் மியூசியமாயிருச்சு. கோர்ட் கோபுரம் கோர்ட்டோட கோபுரமாவே நிக்குது. ரெண்டுக்கும் வேற வேலை இருந்தது. மூணுல, விளக்குக்குன்னே கட்டினது இந்தத் தூண் மட்டும்தான். அதுதான் பேர் தெரியாம நிக்குது! மாமல்லபுரத்துல பாறை மேல இருக்கிற ஒலக்கண்ணேஸ்வரர் கோயில்லயும் ஒரு காலத்துல கப்பலுக்கு விளக்கு எரிஞ்சது. விளக்கு போனாலும் அது பல்லவர் கோயில், அதனால கூட்டத்துக்குக் குறைவில்ல. இந்தத் தூணுக்கு அப்படிச் சொல்லிக்க ஒண்ணும் இல்ல.

ஜி.பி.எஸ் காலத்துல இதெல்லாம் எதுக்குவேன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். சரி, அப்படின்னா எரியுற விளக்குக்கு மட்டும் எதுக்கு இத்தனை உபசாரம்? 75 கலங்கரை விளக்கங்கள்ல சுற்றுலா வசதி செஞ்சு 2024-ல தூத்துக்குடியில வச்சு பிரதமர் அர்ப்பணிச்சார். நல்ல காரியம்தான். ஆனா 1927-ம் வருஷத்து லைட் ஹவுஸ் சட்டத்தை எடுத்துட்டு 2021-ல கொண்டு வந்த புதுச் சட்டத்துல, பாரம்பரியக் கலங்கரை விளக்கம்னு அறிவிச்சுப் பாதுகாக்கவும் வழி வச்சிருக்காங்க. அந்தப் பட்டியல்ல முதல் பேரு இந்தத் தூணாத்தான் இருக்கணும்ங்கிறது என் கட்சி. தூணு யார் கையில இருக்குங்கிற பிரச்சினைய ஆபீஸ்காரங்க பேசித் தீத்துக்கட்டும்.

கோர்ட்டுக்குள்ள கண்டவனையும் விட முடியாது, நியாயம். மேல ஏற விடுங்கன்னு நான் கேக்கல. என்.எஸ்.சி. போஸ் ரோட்டுல போறவன் கண்ணுல படுற மாதிரி, சுவருக்கு வெளிய தமிழ்ல பெரிசா ஒரு பலகை. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தூணடிக்குக் கூட்டிட்டுப் போய், கலங்கரைன்னா என்னன்னு சொல்லிக் குடுக்கலாம். கரையுறதுன்னா கூப்பிடுறது. எங்க ஊர்ல காக்கா இன்னும் கரையத்தான் செய்யுது :-)

சித்தப்பா இப்ப இல்ல. எப்ப முட்டம் போனாலும் எங்க பிள்ளைங்ககிட்ட அந்த விளக்கைக் காட்டி, "இவனுக்கு ஒரு அண்ணன் மெட்ராஸ்ல கோர்ட்டு வாசல்ல நிக்கான்டே"ம்பார்.