ஆசிரியர் இல்லங்களைக் காப்போம்

கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தில், தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையரின் ஊர்மனை அரசினரால் நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. அப்பெருமகனார் சென்னையிற் பல்லாண்டு வாழ்ந்து ஏடுகளை ஆராய்ந்த தியாகராச விலாசமோ, 2012ஆம் ஆண்டில் இடித்துத் தள்ளப்பட்டது. ஒருவருடைய இரு வீடுகளுள் உரிய காலத்திற் காத்தது நின்றது; மற்றது மண்ணோடு மண்ணாயிற்று.

சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய 1887ஆம் ஆண்டிலேயே கலித்தொகையை அச்சேற்றியவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவரும் கோப்பாயில் ஆசிரியராயிருந்தவரே. அவர் வழிவந்த கிராமத்து ஆசிரியர்கள் வாழ்ந்த நாற்சார் வீடுகள் இன்று எத்தனை எஞ்சியுள்ளன? போர் அழித்தவை ஒருபுறம். பங்கு பிரித்து நாமே தகர்த்தவை மறுபுறம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது கலங்கினோம். பிறர் எரித்ததற்குக் கண்ணீர் வடித்த நாம், நம் கையாலேயே இடிப்பதை வாளாவிருந்து காண்பது முறையாகுமா?

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், 1815இற்குப் பிற்பட்ட கட்டடங்களையும் வர்த்தமானி அறிவித்தலாற் காக்க வழி வகுத்துள்ளது. ஆயினும், கொழும்பு தானாக வந்து நம் படலையைத் தட்டும் எனக் காத்திருத்தல் பேதைமை. ஊர்தோறும் கமக்காரர் தம் ஆசிரியர் வாழ்ந்த மனையை இனங்காட்டுக. பொறியியலாளர் சுவரையும் கூரையையும் அளந்து வரைக. சட்டத்தரணிகள் உறுதிகளை ஆராய்ந்து, உரித்தாளரின் இசைவைப் பெறுக. அதன் பின்னரே அரசைக் கேட்போம், உரிமையோடு கேட்போம்.

நமக்கு எழுத்தறிவித்தோரின் கூரை சரியுமுன் விழித்தெழுவோமாக!