நூலகத்துக்கு வாய் இருக்கு, காது எங்கே?

ரொம்ப நாளாக மனசில் உறுத்திக்கொண்டிருக்கிற விஷயம். படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஒரு கிளை நூலகம். பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் ஒரு மேஜை. அதில் வருகைப் பதிவேடு, கயிறு கட்டிய பேனா, கூடவே 'வாசகர் கருத்து' என்று அட்டையில் எழுதிய ஒரு நீள நோட்டு. பி.காம். இரண்டாம் வருஷம் காஸ்ட் அக்கவுண்டிங்குக்குத் தமிழில் ஒரு புத்தகம் வேண்டும் என்று அந்த நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு முன் பக்கங்களைப் புரட்டினால்... அதே புத்தகம், மூன்று வேறு வேறு கையெழுத்தில்! ஒருவர் 'மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்' என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

நூலகரிடம் கேட்டேன். நல்ல மனுஷர். ஒத்தை ஆளாக எல்லா வேலையும் பார்க்கிறார். "புத்தகம் எல்லாம் மேல இருந்து வருது தம்பி. நான் என்ன பண்றது?" என்றார்.

இந்த 'மேல இருந்து' தான் என் பிரச்சனை.

முதலில் காசுக் கணக்கு. (காமர்ஸ் புத்தி, விடாது!) சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கிறார்கள். இன்றைக்கு ரூபாய்க்கு 10 பைசா. சொத்து வரி 2000 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 200 ரூபாய். வாடகை வீட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம், ஹவுஸ் ஓனர் அதையும் சேர்த்துத்தான் வாடகை சொல்கிறார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கே குடியிருந்தாலும் நாம் எல்லோரும் இந்த நூலகத்தின் பங்குதாரர்கள். ஆனால் ஓட்டுரிமை இல்லாத பங்குதாரர்கள். கம்பெனிச் சட்டத்தில் இதற்கு ஒரு பெயராவது இருக்கிறது. நமக்கு அதுவும் கிடையாது.

அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர் நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகர் ஆனவர். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். சரி, உயிர் என்றால் காது வேண்டாமா? வாசகன் என்ன கேட்கிறான் என்றே தெரியாமல் அவனுக்கான புத்தகத்தை எப்படித் தருவீர்கள்?

'அதான் ஃபேஸ்புக் பக்கம் இருக்கே' என்பார்கள். இருக்கட்டும். விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் போட்டோவைப் போட்டால் அது நோட்டீஸ் போர்டு. வாய் மட்டும் பெரிசாகிறது, அவ்வளவுதான். 'நூலகம் 2.0' என்ற பேச்சு 2005 வாக்கில் கிளம்பியபோது அதன் சாரமே வேறு. வாசகன் எழுதுவது நூலகத்தின் வேலையை மாற்ற வேண்டும்.

இதற்குக் கோடிக்கணக்கில் டெண்டர் விட வேண்டாம். 'கோஹா' என்று ஒரு நூலக மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக எழுதி, 2000-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். நம் ஊரிலேயே பல கல்லூரிகளில் அதுதான் ஓடுகிறது. அதில் வாசகர் 'இந்தப் புத்தகம் வாங்குங்கள்' என்று பதியலாம். அது ஏற்கப்பட்டதா, ஆர்டர் போட்டாச்சா, நிராகரித்தார்களா, ஏன் நிராகரித்தார்கள் என்று அவர் கணக்கிலேயே தெரியும். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, காரணத்தோடு வேண்டாம் என்று சொல்லுங்கள். நோட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கம்ப்யூட்டர் இல்லை, பதில்.

இன்னொன்று, தேடல். நூற்பட்டியலை ஆங்கில எழுத்தில் ஏற்றிவிட்டால் ஜெயகாந்தனை எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசியுங்கள். முதல் எழுத்துக்கு அடுத்து ஒருவர் 'இ' போடுவார், இன்னொருவர் 'ஏ' போடுவார். தப்பாகத் தேடியவன் 'புத்தகம் இல்லை' என்று போய்விடுவான், புத்தகம் அலமாரியில் தூங்கும். சுஜாதாவைத் தேடி வருகிறவன் 'கணேஷ்-வசந்த் கதை' என்றுதான் கேட்பான். பட்டியலில் 'தமிழ் நாவல்' என்று இருக்கும். வாசகர்களே குறிச்சொல் சேர்க்க விட்டால் ஒரே மாசத்தில் இது சரியாகும். 'கணேஷ்-வசந்த்', 'குரூப் 4-க்கு உதவும்', 'பி.காம். தமிழ் வழி' என்று நாமே ஒட்டிவிட மாட்டோமா?

'கண்டவன் கண்டதை எழுதுவான்' என்பது அடுத்த வாதம். எழுதுவான். அதனால்தான் நூலகர் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே தெரிகிற மாதிரி வைக்கலாம், கோஹாவில் அந்த வசதியும் இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2008-ல் பழைய நாளிதழ்களை இணையத்தில் ஏற்றி, கம்ப்யூட்டர் தப்பும் தவறுமாகப் படித்த எழுத்துகளைத் திருத்தும் வேலையைப் பொதுமக்களிடமே விட்டது. குடி முழுகிவிடவில்லை. இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 நூல்கள் சாம்பல். 2005-ல் ஈழத் தமிழர்கள் 'நூலகம்' என்ற பெயரிலேயே இணைய நூலகம் தொடங்கி, தன்னார்வலர்களாகச் சேர்ந்து கிடைத்ததை எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்தவர்கள் யார்? சம்பளம் வாங்காத வாசகர்கள். தமிழ் வாசகனுக்குப் பொறுப்பில்லை என்று எந்த அதிகாரியும் இனி சொல்லக்கூடாது.

2011-ல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களும் எழுத்தாளர்களும் வாசகர்களும்தான். உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் இன்றும் நூலகமாகவே இருக்கிறது. நூலகத்தைக் காப்பாற்ற வாசகன் வேண்டும், புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் வேண்டாமா?

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. பேப்பர் படிக்க வரும் தாத்தாவிடம் ஸ்மார்ட்போன் இல்லை, நூலகருக்கு ஏற்கனவே வேலை தலைக்கு மேல். ஒத்துக்கொள்கிறேன். நோட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதில் எழுதுவதை வாரம் ஒரு முறை கணினியில் ஏற்ற வாசகர் வட்டம் இருக்கிறது, சனிக்கிழமை சும்மா இருக்கும் என்னைப் போன்ற பயல்கள் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், அனுமதி போதும்.

அந்த காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைக் கடைசியில் மூர்மார்க்கெட்டில் பழைய புத்தகமாக வாங்கிவிட்டேன். பரீட்சையும் முடிந்தது. ஆனால் அந்த மூன்று கையெழுத்துக்காரர்கள் வாங்கினார்களா, இல்லை பேப்பரை அரியராக விட்டார்களா, தெரியாது. மூன்று முறை கேட்டவர் நான்காவது முறை கேட்க வரவில்லை. நோட்டில் அதற்கப்புறம் அந்தக் கையெழுத்தே இல்லை.