எந்த வாத்தியம் கஷ்டமானது?

வாத்தியங்களுக்குள் வாசிப்பதற்கு மிகவும் கஷ்டமானது எது என்று சில தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள். நமக்குச் சங்கீத பாண்டித்தியம் கிடையாது. ஆனாலும் கண்ணும் காதும் சொந்தப் புத்தியும் உள்ள எவரும் யோசித்துப் பதில் சொல்லக்கூடிய கேள்விதான் இது.

புராணக்காரரைக் கேட்டால், வீணை சரஸ்வதி கையிலிருப்பது, ஆகவே அதுவே பெரிது என்பார். சரஸ்வதி வாசித்துக் கேட்டவர் யார்? கஷ்டத்தை அளக்க வேண்டுமானால் வாத்தியத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டுமே ஒழிய, அதை யார் மடியில் வைத்துப் படம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் பயனில்லை.

ஆர்மோனியத்தில் கட்டையை அமுக்கினால் ஸ்வரம் தானாக வருகிறது. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் காட்டுவது சிரமந்தான். என்றாலும் 24 மெட்டுகள் விரலுக்கு வழி காட்டுகின்றன. பிடிலுக்கு அந்த மெட்டும் கிடையாது. விரல் ஒரு நூல் நகர்ந்தால் அபஸ்வரம். மேல்நாட்டார் தங்கள் வாத்தியங்களில் கஷ்டமானவை என்று சொல்லுகிறவற்றில் ஓபோ என்னும் குழலும் ஒன்று. அதற்கும் நாணல் சீவாளிதான். ஆனால் அதில் துளைகளை மூடித் திறக்கச் சாவிகள் உண்டு.

நமது நாதஸ்வரத்திற்குச் சாவியும் இல்லை, மெட்டும் இல்லை. ஏழு விரல் துளைகள், ஒரு சீவாளி, வாசிப்பவனுடைய மூச்சு, இவ்வளவுதான். இவற்றைக் கொண்டே இரண்டரை ஸ்தாயியையும், ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட நுட்பங்களையும் உதட்டின் அழுத்தத்தாலும் காற்றின் அளவாலும் உண்டாக்க வேண்டும். அதுவும் நின்றுகொண்டும், ஊர்வலத்தில் நடந்துகொண்டும், மணிக்கணக்காக! பக்கத்தில் தவில்காரர் ஒரு கையில் விரல் கூடும் மறு கையில் கழியுமாக இரண்டு விதமான வேலை செய்கிறார். இதைவிடக் கஷ்டமான வாத்தியம் நம் நாட்டில் இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.

கஷ்டத்திற்குத் தக்க மரியாதை கிடைத்ததா என்பதே நமது கேள்வி. பாடுகிறவருக்கு மேடையும் ஜமக்காளமும். நாயனக்காரருக்குத் தெருப் புழுதி. சட்டை போடக் கூடாது, தோள் துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்றெல்லாம் கட்டளை. மூச்சுக்கு இடைஞ்சல் என்றா துண்டை இறக்கச் சொன்னார்கள்? பிறந்த ஜாதிக்காகத்தானே! திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சட்டையும் கோட்டும் போட்டு, சரியாசனம் கேட்டு வாசித்தார். 1956-இல் அவர் இறக்கும் வரை சென்னை சங்கீத வித்வத் சபை அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் கொடுக்கவில்லை.

"அது பரம்பரையாக ரத்தத்தில் வரும் வித்தை" என்று புகழுவோரும் உண்டு. இது புகழ்ச்சியல்ல, உழைத்தவனுடைய உழைப்பைத் திருடி அவன் பாட்டனுக்குக் கொடுப்பதாகும். ஆந்திரத்தில் முஸ்லிமாகப் பிறந்த ஷேக் சின்ன மௌலானா நாதஸ்வரத்தில் முதல் வரிசைக்கு வந்து, 1998-இல் அதே பட்டத்தைப் பெற்றாரே! பெண்களுக்கு மூச்சுப் பற்றாது என்றார்கள். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் வாசித்துக் காட்டினார். காலிஷாபி அம்மையார் தம் கணவர் மஹபூப் சுபானியோடு 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார். ரத்தமும் மதமும் ஆண்மையும் எங்கே போயின?

ஆகவே தோழர்களே, எந்த வாத்தியமும் சாதகத்திற்கு வசப்படும். தெய்வ கடாட்சமும் வேண்டாம், ஜாதியும் வேண்டாம். வித்தையைக் கொண்டாடிவிட்டு வித்துவானைத் தாழ்வாரத்தில் நிறுத்திவைக்கும் புத்தியை மாற்றுவதுதான் கஷ்டமாயிருக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் எங்கே ஆசனம் போடுகிறீர்கள், எந்தப் பந்தியில் இலை போடுகிறீர்கள் என்று பாருங்கள். அதைச் சரி செய்துவிட்டு, பிறகு சங்கீதத்தைப் பற்றிப் பேசலாம்.