நாக்குக்கு ஏது பரம்பரை?

பிரான்சின் கிழக்கு எல்லையில் உள்ள அல்சாஸ் பகுதியின் புகழ்பெற்ற வெள்ளை ஒயின் கெவுர்ட்ஸ்ட்ராமினர். ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓர் ஆய்வு மாநாட்டு விருந்தில்தான் அதை முதன்முதலில் குடித்தேன். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே லிச்சிப் பழமும் ரோஜாவும் மணந்தன. வாய்விட்டுச் சொன்னேன். நம்மூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர், "பரவாயில்லையே, நீங்க இதையெல்லாம்கூட கண்டுபிடிச்சிடுறீங்களே!" என்றார்.

அந்த 'பரவாயில்லையே' நமக்குப் புதிதா என்ன?

நான் எந்த அதிசயத்தையும் செய்துவிடவில்லை. லிச்சிக்கு மணம் தரும் ரோஸ் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் இந்த ஒயினிலும் இருக்கிறது. லிச்சி தின்ற எவருக்கும் அது தெரியும். தரம் பார்ப்பதும் மந்திரமல்ல. அடர்ந்த பொன்னிறம், தூக்கலான மணம், வாயை நிறைக்கும் கனம், கடைசியில் லேசான கசப்பு. இந்த வகைக்குப் புளிப்பு இயல்பாகவே குறைவு. அது மிகவும் குறைந்தால் திகட்டும். மணம் மூக்கோடு நின்று, விழுங்கியதும் சுவை மறைந்துவிட்டால் சுமாரான ஒயின். நாலைந்து கோப்பைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் யாருக்கும் பிடிபடும்.

'பிறவி நாக்கு' என்பவர்களுக்கு 2001இல் வெளியான ஓர் ஆய்வை நினைவூட்டலாம். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் துறை மாணவர்கள் 54 பேருக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். ஒயினையே படிப்பாகப் படிப்பவர்களின் மூக்கும் கண்ணுக்குக் கட்டுப்பட்டது. பேராசிரியருக்கு நடந்ததும் அதுதான். நான் சொன்னதைக் கேட்கும் முன்பே என்னைப் பார்த்துவிட்டார்.

அஞ்சல் ஊழியரின் மகனான பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, 1979இல் வெளியான 'டிஸ்டிங்ஷன்' நூலில் இந்த மோசடியைத் தோலுரித்தார். ரசனை என்பது வளர்ப்பாலும் படிப்பாலும் வருவது. அதை இயற்கையாக வாய்த்ததுபோல் காட்டித்தான் மேல்தட்டு தன்னை மேலே வைத்துக்கொள்கிறது. 'தகுதி, திறமை' என்று நம்மிடம் பாடம் எடுப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான். தலைமுறைகளாகக் கிடைத்த வாய்ப்பை மறைத்துவிட்டு, விளைச்சலை மட்டும் பிறப்பின் பெருமையாகக் காட்டுவார்கள்.

ஒயின் குடிப்பது புரட்சியல்ல. குடிக்காதவர் எதையும் இழக்கவுமில்லை. ஆனால் ஒயினோ, சங்கீதமோ, ஆய்வரங்கமோ, உங்கள் மூக்குக்கும் காதுக்கும் அறிவுக்கும் பட்டதைத் தயங்காமல் சொல்லுங்கள். தெரியாததை வெட்கப்படாமல் கேளுங்கள். 'பரவாயில்லையே' என்று எவராவது வியந்தால், நன்றி சொல்லாதீர்கள். "இதில் என்ன ஆச்சரியம்?" என்று திருப்பிக் கேளுங்கள்.