காய் எடுப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

விடிவதற்குள் போடியின் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குச்சட்டியோடு ஏறும் பெண்கள் முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டங்களில் இறங்குவார்கள். வீடு திரும்பும்போது இருட்டிவிடும். பகலில் நடக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு இவர்கள் எப்போது போவது?

இவர்கள் போகாததற்கு அறியாமைதான் காரணம் என்று சொல்லிவிடுவது நியாயமே இல்லை என்கிறார்கள், பரிசோதனைக்குப் போங்கள் என்ற வேண்டுகோளோடு ஊராரிடம் வந்திருக்கும் போடிக்காரர்கள்.

போடி இருக்கும் தேனி மாவட்டத்துக்கு இந்தப் பரிசோதனை புதிதல்ல. 2007-ல் அரசு இதை முன்னோட்டமாகத் தொடங்கியதே தேனியிலும் தஞ்சாவூரிலும்தான். பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வோ உலகமே கவனித்த ஒன்று. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, ஏறக்குறைய நம் கடைகளில் விற்கும் வினிகர் அது, பஞ்சில் தொட்டுக் கருப்பைவாயில் வைப்பார் செவிலியர். ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் இந்நோயால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது.

ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொண்டவர்கள் 9.8 விழுக்காடுதான்.

வலியே இல்லையே என்ற நினைப்பு. சேலையை விலக்கிப் படுக்கக் கூச்சம். ஏதாவது இருந்துவிட்டால் என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேல், ஒருநாள் கூலி. "காய் எடுப்பு முடியட்டும், போய்க்கலாம்" என்று ஆண்டு ஓடிவிடுகிறது. இங்கிலாந்தில் ஷீரன், ஆர்பெல் என்ற இரு உளவியலாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. பரிசோதனைக்கு எப்போது, எங்கே, எப்படி நேரம் வாங்குவோம் என்று எழுதிவைத்த பெண்களில் 92 விழுக்காட்டினர் வந்தார்கள், எழுதாதவர்களில் 69. போகவேண்டும் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

ஆகவே, 30 வயதைத் தாண்டிய பெண்கள் இன்றே வீட்டு நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டமிட வேண்டும். கூட வரும் தோழியின் பெயரையும் பக்கத்தில் எழுத வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது எளிய சிகிச்சையில் சரியாகிவிடும். மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ, அந்தத் தேதி வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

கணவன்மார் அன்று அடுப்படியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். தோட்டக்காரர்களிடம் கேட்பது அரைநாள், கூலியோடு. கங்காணிகளும் ஜீப் ஓட்டுநர்களும் மனசு வைத்தால், ஒரு நாளைக்கு அந்த ஜீப் மலையேறாமல், அதே பெண்களோடு சுகாதார நிலையத்து வாசலில் போய் நிற்கலாம்.